அம்மாவின் கை வாட்ச் காட்டும் ஸ்டெப் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

ஆயர் ஈத்தாம் மகள்:

வணக்கம். பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஃபிளாட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது, இனிப்பு நீர் இருக்கிறது, ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுக்கிறார். போன தடவை கிளினிக்கில் மூன்று மாதச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று சொல்லி, தினமும் நடங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு, எப்போது என்றெல்லாம் கேட்க அங்கே நேரமில்லை, கூட்டம் அப்படி. தம்பி உடனே கையில் கட்டும் ஸ்டெப் வாட்ச் ஒன்று வாங்கி வந்தான். 150 வெள்ளிக்கு உள்ளேதான்.

கட்டிய நாளிலிருந்து அம்மாவுக்கு அதன் மேல்தான் கண். ஆனால் அதன் கணக்கு எனக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது. காலையில் ஸ்டூலில் உட்கார்ந்து சப்பாத்தி தேய்த்து எழும்போது சில நூறு ஸ்டெப் ஏறியிருக்கிறது, காலை அசைக்கவே இல்லை. சனிக்கிழமை சூப்பர்மார்க்கெட்டில் டிராலியைத் தள்ளிக்கொண்டு அரிசி, எண்ணெய், மீன் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினோம், அதற்கு ஏறியது சப்பாத்திக்கு ஏறியதை விடக் குறைவு. "இவ்வளவு நடந்தேனே, ஒண்ணுமே கணக்குல வரலையே" என்று அம்மாவுக்கு முகமே வாடிப்போய்விட்டது.

இன்னொரு கவலையும் இருக்கிறது. ஆப்பில் 10,000 என்று இலக்கு தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. அம்மா 4,000 தொடுவதே பெரும்பாடு. ராத்திரி பாத்திரம் எல்லாம் கழுவி, எல்லோரும் படுத்த பிறகும் சோபாவுக்கும் வாசல் கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்கிறார், மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. அப்புறம் முட்டிக்குத் தைலம். வாட்சில் கோளாறா, கட்டும் விதம் சரியில்லையா, விலை கூடினது வாங்கினால் தீருமா? அம்மா வயதுக்கு எவ்வளவு நடந்தால் போதும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட்காரன்:

தங்கச்சி, வாட்சில் கோளாறு ஒன்றும் இல்லை. மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினாலும் டிராலி விஷயத்தில் இதே கதைதான், அதனால் காசைப் போடாதீர்கள். நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் சென்சார் சோதிக்கும் லைனில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

வாட்சுக்குக் கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கை எப்படி அசைகிறது என்பது மட்டும். உள்ளே சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சில்லு இருக்கும், அதற்குள் சிலிக்கானில் செதுக்கிய துளி எடை ஒன்று மெல்லிய ஸ்பிரிங் மாதிரியான கம்பிகளில் தொங்கும். கை அசைந்தால் அதுவும் கண்ணுக்கே தெரியாத அளவு நகரும். அந்த நகர்வை மின் அளவாக மாற்றி, மேலும் கீழும், பக்கவாட்டில், முன்னும் பின்னும் என்று மூன்று திசைக்கும் வினாடிக்குப் பல தடவை பதிவு செய்துகொண்டே இருக்கும். நாம் சாதாரணமாக நடக்கும்போது வினாடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி வைக்கிறோம், கையும் அதற்குத் தக்கபடி வீசும், வாட்சில் உள்ள ப்ரோகிராம் தேடுவது இந்தத் தாளத்தைத்தான். தாளம் கிடைத்தால் ஸ்டெப், கிடைக்காவிட்டால் இல்லை.

இப்போது சப்பாத்தியைப் பாருங்கள். கட்டையை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, ஒரே சீராகத் தேய்க்கும் கை நடக்கிற கையைப் போலவே தாளம் போடுகிறது. தைப்பூசத்தில் உருமி அடிக்கிறவர் கையில் இதைக் கட்டிவிட்டால் ஒரே இடத்தில் நின்றபடி ஆயிரக்கணக்கில் ஏறும். டிராலி இதற்கு நேர் எதிர். கால் நடக்கிறது, ஆனால் கை கைப்பிடியில் ஊன்றி நிற்கிறது, வீச்சே இல்லை. குழந்தை வண்டி தள்ளுவது, இரண்டு கையிலும் பசார் பை தூக்குவது, மழையில் குடை பிடித்துப் போவது, படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுவது எல்லாமே அப்படித்தான், நடந்தது நடந்ததுதான், எண்ணில் மட்டும் குறைவாக வரும். வீட்டுக்குள் சமையலறைக்கும் ஹாலுக்கும் நாலைந்து அடியாக நடப்பதையும் பல வாட்சுகள் விட்டுவிடும், ஏனென்றால் தொடர்ந்து சில அடிகள் வந்த பிறகுதான் இது நடைதான் என்று அது ஒப்புக்கொள்ளும். இல்லாவிட்டால் தலை சீவுவதைக்கூட எண்ணிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். வேலை அதிகம் செய்யாத கையில் கட்டுங்கள், அம்மா வலக்கைக்காரர் என்றால் இடக்கை. ஆப்பில் எந்தக் கை என்று கேட்கும் இடத்தில் அதைச் சரியாகக் கொடுங்கள், பல ஆப்புகள் அதைப் பொறுத்துத்தான் அசைவை எவ்வளவு கூர்மையாகப் பார்ப்பது என்று முடிவு செய்கின்றன. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாமல், ஆனால் இறுக்காமல். அப்புறம் யூத் பார்க்கிலோ கர்னி டிரைவிலோ சமதரையில் வாயால் எண்ணி 200 அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள், முன்னும் பின்னும் வாட்ச் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை வழக்கமான நடையில், இன்னொரு தடவை மெதுவாக. பத்து விழுக்காட்டுக்குள் வித்தியாசம் என்றால் அந்த வாட்சோடு நிம்மதியாக வாழலாம். மெதுவான நடையில் வித்தியாசம் பெரிதாக வரும், வயதானவர்களுக்கு இது எல்லா வாட்சிலும் உண்டு. டிராலி தள்ளும் நாளில் மட்டும் வாட்சைக் கழற்றிக் கணுக்காலில் சாக்ஸுக்குள் செருகிவிடச் சொல்லுங்கள், கால் நடந்தது கணக்கில் வரும்.

பட்டர்வொர்த் மிஸி:

மகளே, அரசாங்க மருத்துவமனையில் பல வருடம் மிஸியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், இனிப்பு நீர்ப் பிரிவில்தான் பெரும்பாலும். தம்பி வாட்சைப் பற்றி அழகாகச் சொல்லிவிட்டார், நான் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் அந்த 10,000-ஐ ஆப்பிலிருந்து எடுங்கள். அது எந்த டாக்டரும் ஆராய்ச்சி செய்து சொன்ன அளவு இல்லை. 1964-ல் தோக்கியோ ஒலிம்பிக் நடந்து, ஜப்பானில் உடற்பயிற்சி பற்றிப் பேச்சு பெரிதாகக் கிளம்பிய நேரத்தில், 1965-ல் அங்கே ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் ஸ்டெப் கருவியை விற்க வந்தது, விளம்பரத்துக்குப் பிடித்த எண் அது. அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. உண்மையான ஆராய்ச்சி வெகுநாள் கழித்துத்தான் வந்தது. 2019-ல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள ஏறக்குறைய 17,000 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் அந்தச் சில வருடங்களில் இறப்பு வெகுவாகக் குறைவு, 7,500 வரை போகப் போகக் குறைந்தது, அதற்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. 2025-ல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து வந்த பெரிய அலசலும் 7,000 பக்கம்தான் போய் நிற்கிறது. உங்கள் அம்மா 4,000 நடக்கிறார் என்றால், அதுவும் டிராலியையும் வீட்டு நடையையும் சேர்க்காமல், அது ஒன்றும் இல்லாத இடம் இல்லை, அதை அவரிடம் சொல்லுங்கள். அந்த முகவாட்டம் போக வேண்டும். நம் மலேசியாவில் 2023 தேசிய ஆய்வின்படி பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர், நம் ஆட்களிடம் அதைவிட அதிகம். நடக்க ஆரம்பித்து மனம் விட்டுப்போய் நிறுத்தினவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பெரிய எண்ணை வைத்துக்கொண்டு அதைத் தொட முடியாமல் நிறுத்தினவர்கள்தான் அதில் பாதி.

ஒரு வாரம் ஒன்றும் மாற்றாமல் அம்மா எப்போதும் போல இருக்கட்டும், அந்த வாரச் சராசரி எவ்வளவு என்று பாருங்கள். அதற்கு மேல் 500 சேருங்கள். அது உடம்புக்குப் பழகிய பிறகு இன்னொரு 500.

ராத்திரி நடை பற்றி எழுதியிருந்தீர்கள். நேரம்தான் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது, மற்றபடி யோசனை நல்லது. நியூசிலாந்தில் 2016-ல் இனிப்பு நீர் உள்ளவர்களை வைத்து இதையே பார்த்தார்கள். நாளில் ஏதோ ஒரு நேரம் அரை மணி நடப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது சாப்பாட்டால் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததில்தான் பலன் அதிகம். நடக்கும்போது தொடைத் தசை ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் அது நடக்கும். அதனால் தட்டைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டுப் பத்து மணிக்கு நடப்பதைவிட, சாப்பிட்டுக் கை கழுவினதும் ஃபிளாட்டின் கீழே இறங்கி ஒரு சுற்று போய் வரட்டும். பாத்திரத்தை நீங்களும் தம்பியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கவனமாகப் படியுங்கள். அம்மாவின் மாத்திரைப் பையைத் திறந்து பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடையால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிக்ளசைடு இருந்தாலோ இன்சுலின் ஊசி இருந்தாலோ இறங்கலாம், வெறும் வயிற்றில் காலை நடை வேண்டாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் உடனே உட்கார்ந்து இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும், பையில் எப்போதும் மிட்டாயோ ஒரு சின்னப் பெட்டி ஜூஸோ இருக்கட்டும். மீட்டரில் 4-க்குக் கீழே (mmol/L கணக்கில்) போனால் அது இறக்கம். இன்னொன்று கால். ரப்பர் செருப்போடு நடக்க விடாதீர்கள், முன்பக்கம் அகலமான மூடிய காலணி, பருத்திச் சாக்ஸ், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். முட்டி வலி கூடிக்கொண்டே போனால் எண்ணைக் கூட்டுவதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

செந்தூல் நடையர்:

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன், தித்திவங்சா ஏரியைச் சுற்றி விடியற்காலையில் நடக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன், எனக்கு 70 நெருங்குகிறது. மிஸி சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன், ஆனால் எண்ணை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்டெப் என்பது எத்தனை தடவை கால் வைத்தோம் என்று மட்டும்தான் சொல்லும், உடம்பு எவ்வளவு உழைத்தது என்று சொல்லாது. பத்துமலையில் 272 படி ஏறினால் வாட்சில் 272 தான் வரும், கைப்பிடியைப் பிடித்து ஏறினால் அதுவும் வராது. அதே 272 அடியைப் பேரங்காடியில் கடை கடையாக வேடிக்கை பார்த்தபடியும் வைக்கலாம். இரண்டும் ஒன்றா? உங்கள் ஊர்த் தண்ணீர்மலையில் 513 படி, அதை ஏறி இறங்கினவர் தொடையைக் கேளுங்கள்.

என் வழி நிமிடக் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னபடி வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடம்பு அசைய வேண்டும். மிதமான வேகம் என்றால், பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட மூச்சு இருக்கக் கூடாது. அம்மா மெதுவாக 4,000 நடந்தால் 4,000, அதில் ஒரு பத்து நிமிடமாவது இந்த வேகத்தில் இருந்தால் அதன் மதிப்பு வேறு. துணைக்கு ஆள் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் வராவிட்டால் ஃபோன் போகும், அதனாலேயே எல்லோரும் வந்துவிடுகிறார்கள். யூத் பார்க்கில் காலையில் நடக்கும் அம்மாமார் கூட்டம் கட்டாயம் இருக்கும், போய்ப் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் வீடு திரும்ப வேண்டும், புகைமூட்டக் காலத்தில் காற்றுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே நடக்க வேண்டாம், பேரங்காடிக்குள் நடக்கலாம், அங்கே டிராலி எடுக்காமல்.

பிறை மோட்டார்:

ஒரு சின்னக் கேள்வி. நான் தினமும் மோட்டாரில் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறேன், இறங்கிப் பார்த்தால் நடக்காத ஸ்டெப் ஏறியிருக்கிறது. எதையாவது மாற்றினால் நிற்குமா?

பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட்காரன்:

தம்பி, அது மோட்டார் ஹேண்டில் அதிர்வும் ரோட்டு மேடுபள்ளமும். என்ஜின் அதிர்வு வேகமானது, அதைப் பெரும்பாலும் வாட்ச் வடிகட்டிவிடும், மேடுபள்ளத்தின் குலுக்கல்தான் சில சமயம் நடை மாதிரியே வந்துவிழும். ஆப்பில் ஓட்டுதல் என்று தனியாக இருந்தால் அதை ஆரம்பித்துவிட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த நாளும் அதே வழியில் போகிறீர்கள் என்றால் அப்படியே விட்டாலும் குறையில்லை, எல்லா நாளும் ஒரே அளவு கூடியிருக்கும், நீங்கள் பார்க்க வேண்டியது நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே.

செந்தூல் ஐயா சொன்னது எனக்குப் பிடித்தது, ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியும் ஐயா. நிமிடத்துக்கு 100 அடி என்பது பெரியவர்களுக்கு மிதமான வேகத்தின் ஆரம்பம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வாட்சைப் பார்த்தபடி பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 1,000 வருகிறதா என்று பார்த்தால் வேகமும் தெரிந்துவிடும். படி ஏற்றத்துக்கு, காற்றழுத்த சென்சார் உள்ள வாட்சுகள் மாடிக் கணக்கு தனியாகக் காட்டும், சுமார் 3 மீட்டர் உயரம் ஏறினால் ஒரு மாடி. தங்கச்சி வாங்கிய விலையில் அது அநேகமாக இருக்காது, அம்மா முட்டிக்குப் படி தேவையும் இல்லை.

அந்த விலை வாட்சுகளில் காட்டும் கலோரியை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள். வயது, எடை, உயரத்தை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு அது. அதைப் பார்த்து, இவ்வளவு எரித்துவிட்டோமே என்று கூட ஒரு தே தாரிக் குடித்தால் நடந்ததெல்லாம் போச்சு. தூரமும் அப்படித்தான், உயரத்திலிருந்து ஒரு அடியின் நீளத்தை ஊகித்துப் பெருக்குகிறது.

ஆயர் ஈத்தாம் மகள்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், 10,000 ஜப்பான் விளம்பர எண் என்றதும் அவருக்கு வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது. இலக்கை எடுத்துவிட்டோம். மாத்திரைப் பையைப் பார்த்தோம், மெட்ஃபார்மினோடு கிளிக்ளசைடும் இருக்கிறது, அதனால் காலை நடை இனிமேல் இட்லியோ ரொட்டியோ சாப்பிட்ட பிறகுதான்.

அண்ணன் சொன்ன சோதனையை யூத் பார்க்கில் செய்தோம். அம்மா எண்ண, நான் பக்கத்தில் நடந்தேன். வழக்கமான நடையில் 200-க்கு வாட்ச் 188 காட்டியது. மெதுவாக, கையைப் பின்னால் கட்டியபடி நடந்ததற்கு 121 தான். அம்மா பூங்காவில் அப்படித்தான் நடப்பார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு! கையை வீசி நடக்கச் சொன்னால் கூச்சப்படுகிறார், ஆனால் வீசும்போது நடையும் தானாக வேகமாகிறது. சாப்பிட்டதும் கீழே இறங்குவது தொடங்கியாயிற்று, மூன்றாம் மாடி ஆண்டியும் சேர்ந்துகொண்டார்.

இரண்டு விஷயம் மட்டும் பாக்கி. வாட்ச் கட்டும் இடத்தில் தோல் சிவந்து அரிக்கிறது, கழற்றி வைத்துவிடலாமா? கிளினிக்குக்குப் போகும்போது ஆப்பைக் காட்டினால் பார்ப்பார்களா?

பட்டர்வொர்த் மிஸி:

நம் ஊர் வியர்வைக்கு அந்த ரப்பர் பட்டைக்குள் ஈரம் தங்கிவிடும் மகளே, சோப்பும் தங்கும், பெரும்பாலும் அதுதான் காரணம். சிவப்பு ஆறும் வரை கட்ட வேண்டாம். அப்புறம் குளிக்கும் முன் கழற்றி, பட்டையைக் கழுவி, கையும் பட்டையும் நன்றாகக் காய்ந்த பிறகு கட்டட்டும், தூங்கும்போது கழற்றிவிடலாம். துணிப்பட்டை மாற்றினால் சிலருக்கு ஒத்துக்கொள்ளும். வலக்கைக்கு மாற்றினால் ஆப்பிலும் மாற்றுங்கள், சப்பாத்தி நாளில் எண் இன்னும் ஏறும், அதையும் நினைவில் வையுங்கள். தோல் உரிந்தாலோ நீர் வடிந்தாலோ சும்மா விடக் கூடாது, இனிப்பு நீர் உள்ள கை, கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

ஆப்பை நீட்டினால் பார்க்க அங்கே நேரம் இருக்காது. வாரச் சராசரியை மட்டும் சர்க்கரை எழுதும் புத்தகத்தில் ஓரமாக எழுதிக்கொண்டு போங்கள், அடிக்கு அருகிலேயே சாப்பாட்டுக்குப் பிந்திய அளவும் இருந்தால் ஒரே பார்வையில் புரியும். அந்த மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதத்தைச் சேர்த்துச் சொல்வது, அதனால் போன வாரம் ஆரம்பித்த நடை அடுத்த சோதனையில் முழுதாகத் தெரியவில்லை என்று அம்மா வருத்தப்பட்டால், அதற்கு அடுத்ததைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளிக்ளசைடு சாப்பிட்டுக்கொண்டே நடை கூடியிருக்கிறது என்பதையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அளவு மாற்ற வேண்டியிருந்தால் அவர் மாற்றுவார். நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள்.